கேம்பாய் பாணிப் படங்கள்: கிம்ப் போதுமா, ஏஸ்ப்ரைட் வாங்கணுமா?

புளியரை ரோடு கேட்டது:

வணக்கம். கேம்பாய்க்கு (நின்டெண்டோவின் பழைய கையடக்க விளையாட்டுக் கருவி) கேம் செய்கிற ஜிபி ஸ்டுடியோ மென்பொருளில் சின்னதாக ஒரு கேம் செய்கிறேன். செங்கோட்டையில் கிளம்பி பகவதிபுரம், மலைக்குகை, ஆரியங்காவு, பதிமூணு கண் பாலம் என்று புனலூர் வரை போகிற பழைய மீட்டர்கேஜ் நீராவி ரயில். கலர் கேம்பாய் இல்லை, பழைய நாலு நிறக் கேம்பாய்தான்.

படமெல்லாம் கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் வரைகிறேன். மூணு தொல்லை. கிம்ப்பில் சுத்தமாகத் தெரிகிற கோடு ஜிபி ஸ்டுடியோவுக்குப் போனதும் ஓரமெல்லாம் பொட்டுப் பொட்டாக வருகிறது. எஞ்சின் ஸ்பிரைட்டை (பின்னணிக்கு மேல் தனியாக நகர்கிற படம்) சுற்றி அழுக்குப் பிடித்த மாதிரி ஒரு விளிம்பு. பாலக் காட்சியைப் போட்டால், வெவ்வேறு டைல்களுக்கு (படத்தைப் பிரிக்கிற 8×8 பிக்சல் துண்டுகள்) எல்லை 192, உங்களுடையது 231 என்று எச்சரிக்கை.

மெஷின் பழைய லேப்டாப்: 4 ஜிபி ரேம், 1366×768 திரை, விண்டோஸ் 10. மாதச் சந்தா கட்டுகிற மென்பொருள் எதுவும் வேண்டாம். ஏஸ்ப்ரைட் வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா, அல்லது கை சரியில்லையா? ஸ்டேஷன் போர்டில் தமிழும் மலையாளமும் எழுதணும், அதற்கும் வழி சொன்னால் நல்லது.

மார்த்தாண்டம் டைல்ஸ் பதில்:

முதல் இரண்டு தொல்லையும் ஒரே காரியம்தான். கிம்ப் போட்டோவுக்காகச் செய்தது. கோடு வழுவழுப்பாகத் தெரியணும் என்று இரண்டு நிறத்துக்கு நடுவில் தானாகவே இடைநிறம் போடும். ஜிபி ஸ்டுடியோவுக்குத் தெரிந்தது நாலே நிறம். வேறு எது வந்தாலும் பக்கத்து நிறத்தில் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். அந்த இடைநிறமாக்கும் உங்க பொட்டு. ஸ்பிரைட்டில் இன்னும் மோசம்: எஞ்சினின் கறுப்புக்கும் பின்னணிப் பச்சைக்கும் நடுவில் விழுகிற நிறம், ஒளிபுகும் பச்சையும் இல்லை, எஞ்சின் நிறமும் இல்லை. அதுதான் அழுக்கு விளிம்பு.

இதற்குப் பணம் செலவாக்க வேண்டாம். கிம்ப்பில் இப்படிச் செய்யுங்க.

புது பேலட் (நிறத் தொகுப்பு) ஒன்று உருவாக்கி, பின்னணிக்கு இந்த நாலு நிறம் மட்டும் போடுங்க. சிவப்பு-பச்சை-நீலம் எண்களாகத் தருகிறேன்: 7-24-33, 48-104-80, 134-192-108, 224-248-207. ஸ்பிரைட்டுக்கு வேறு பேலட்: 7-24-33, 134-192-108, 224-248-207, ஒளிபுகும் இடத்துக்கு 101-255-0. ஸ்பிரைட்டில் அந்த இரண்டாவது கரும்பச்சை கிடையாது, கவனம். கேம்பாய் ஸ்பிரைட்டுக்கு மூணு நிறம்தான், நாலாவது ஒளிபுகும் இடத்துக்குப் போய்விடும்.

அடுத்தது ரொம்ப முக்கியம். படத்தை ஆரம்பத்திலேயே இண்டெக்ஸ்டு மோடுக்கு மாற்றிவிட்டு வரையுங்க. எல்லாம் வரைந்து முடித்துக் கடைசியில் மாற்றுவதுதான் நிறையப் பேர் செய்கிற தப்பு. இமேஜ், மோட், இண்டெக்ஸ்டு போய் கஸ்டம் பேலட்டைத் தேர்ந்தெடுங்க. டிதரிங் (புள்ளிகளைக் கலந்து இடைநிறம் மாதிரி காட்டுவது) ‘நன்’, அதாவது வேண்டாம். அதே பெட்டியில் பயன்படாத நிறங்களை நீக்கு என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்க. எடுக்காவிட்டால் காலிப் படத்தில் மாற்றும்போது மூணு நிறத்தைத் தூக்கி எறிந்துவிடும். பிறகு எதை வரைந்தாலும் ஒரே நிறமாக வரும், கிம்ப் கெட்டுப்போச்சு என்று நினைப்பீங்க. இண்டெக்ஸ்டு மோடில் வேறு நிறத்தைத் தொட்டாலும் பேலட்டில் உள்ள ஒன்றாகத்தான் விழும், இடைநிறத்துக்கு வழியே இல்லை.

கருவிகளில் பெயிண்ட்பிரஷ் பக்கமே போகாதீங்க, பென்சில் மட்டும், அளவு 1. இரேசரில் ‘ஹார்ட் எட்ஜ்’ டிக் போடணும். தேர்வுக் கருவிகளில் ஆன்டிஅலையாசிங் (ஓரத்தை வழுவழுப்பாக்குவது), ஃபெதர் (ஓரத்தை மங்கலாக்குவது) இரண்டையும் எடுத்துவிடணும். மந்திரக்கோலில் த்ரெஷோல்ட் (எவ்வளவு நிற வித்தியாசம் வரை சேர்க்கலாம் என்ற அளவு) 0. பெரிதாக்கினால் இன்டர்போலேஷன் (புதுப் பிக்சலுக்கு இடைநிறம் கணிப்பது) ‘நன்’, அதுவும் 2, 3, 4 என்று முழு மடங்கில் மட்டும். 150 சதவீதம் என்று போட்டால் சில பிக்சல் ஒன்றாகவும் சில இரண்டாகவும் ஆகி எஞ்சின் சக்கரம் முட்டை வடிவத்துக்குப் போய்விடும்.

கட்டத்தை 8×8 என்று அமைத்து எப்போதும் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ளுங்க. டைல் எச்சரிக்கைக்கும் அதுதான் மருந்து. பாலப் படத்தின் அளவுகளைச் சொல்லுங்க, பார்ப்போம்.

வாளையார் லோடு பதில்:

மேலே சொன்னது சரிதாங்க. ஆனால் கிம்ப்பில் இத்தனை டிக்கை நினைவு வைத்துக்கொண்டு வரைவது, கூலிக்கு ஆள் பிடித்து அந்த ஆளுக்குக் காவலுக்கு இன்னொரு ஆள் போடுகிற மாதிரி. அனிமேஷனில் இன்னும் சிரமம். எஞ்சின் சக்கரம் 4 ஃபிரேம், புகை 6 ஃபிரேம் என்றால் கிம்ப்பில் ஒவ்வொன்றும் ஒரு லேயர். முன் ஃபிரேம் மங்கலாகப் பின்னால் தெரிகிற ஆனியன் ஸ்கின் அதில் கிடையாது.

ஏஸ்ப்ரைட் பிக்சலுக்கென்றே செய்தது. வரையும்போது கோடு மூலையில் இரட்டிப்பதைத் தானே திருத்தும், ஃபிரேம்கள் கீழே வரிசையாக நிற்கும், டைல்டு மோடைப் போட்டால் ஒரு டைல் பக்கத்து டைலோடு ஒட்டுகிறதா என்று உடனே தெரியும். 1.3 பதிப்பிலிருந்து டைல்மேப் லேயர் (டைல்களையே அடுக்கி வரைகிற லேயர்) உண்டு. உங்க 231 டைல் விஷயத்துக்கு அது ஒன்றே போதும். விலை 19.99 டாலர், ஒரே தடவை, சந்தா இல்லை. சோதனைப் பதிப்பில் எல்லாம் செய்யலாம், சேமிக்க மட்டும் முடியாது. மூலநிரல் வெளியில் கிடைக்கிறது, சொந்த உபயோகத்துக்கு நாமே தொகுத்துக்கொள்ளலாம் என்று பலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் விண்டோஸில் அதற்கு விஷுவல் ஸ்டுடியோ, சிமேக், நிஞ்சா, ஸ்கியா எல்லாம் வேணும். பல ஜிபி டிஸ்க் போய்விடும், 4 ஜிபி ரேமில் லேப்டாப் மூச்சு வாங்கும். நமக்கு வேண்டாம்.

இலவசம் என்றால் உங்க மெஷினுக்கு லிப்ரேஸ்ப்ரைட். ஏஸ்ப்ரைட் 2016-ல் உரிமத்தை மாற்றியபோது, அதற்கு முந்தைய கட்டற்ற பதிப்பிலிருந்து கிளை பிரிந்தது. ஆனியன் ஸ்கின், இண்டெக்ஸ்டு மோட், டைல்டு மோட், பேலட் எல்லாம் இருக்கு. டைல்மேப் லேயர் இல்லை. பழைய மெஷினில் தடுமாறாமல் ஓடும்.

பிக்சலோராமாவும் இலவசம், நன்றாக வளர்ந்துவருகிறது. ஆனால் கோடோ (Godot) என்ற கேம் மென்பொருளில் எழுதியது, பழைய கிராஃபிக்ஸ் சிப்பில் திறக்க மறுக்கலாம். நிறுவிப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். பிஸ்கெல் பிரவுசரிலேயே ஓடும், ஒரு 16×16 ஆளை நடக்கவைத்துப் பார்க்க நல்லது, முழுக் காட்சிக்கு ஆகாது. கிரிட்டா ஓவியருக்கானது, விட்டுவிடுங்க.

கிராஃப்எக்ஸ்2 என்று ஒன்று இருக்கு, யாரும் சொல்ல மாட்டார்கள். 1985-ல் அமிகா கணினிக்கு வந்த டீலக்ஸ் பெயிண்ட் பரம்பரை. 256 நிறப் பேலட் தவிர அதற்கு வேறு உலகமே கிடையாது, அதனால் இடைநிறப் பிரச்சினை வர வாய்ப்பே குறைவு. இடது பட்டன் முன்நிறம், வலது பட்டன் பின்நிறம், பாதி வேலை விசைப்பலகையில். முதல் இரண்டு நாள் கோபம் வரும். கை பழகிவிட்டால் வேகத்தில் வேறு எதுவும் பக்கத்தில் நிற்காது.

என் கணக்கு: எஞ்சின், ஆள், புகைக்கு லிப்ரேஸ்ப்ரைட். பின்னணிக்கு அதுவோ கிம்ப்போ எதுவானாலும் சரி. கேம் பாதி தேறிய பிறகும் ஆசை விடவில்லை என்றால் ஏஸ்ப்ரைட் வாங்குங்க.

கம்பம்மெட்டு பதில்:

கூடுதலாக ஒன்று. பேலட்டில் நிற வரிசையை மாற்றவே கூடாது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். ஜிபி ஸ்டுடியோவுக்கு அது பொருந்தாது, அது நிறத்தைப் பார்க்கிறதே தவிர பேலட் எண்ணைப் பார்ப்பதில்லை. ஆனால் நாளைக்கு நெஸ் (நின்டெண்டோவின் பழைய டிவி கேம் கருவி) பக்கம் போனால் எண்தான் எல்லாம். அங்கே ஒரு டைல் 8×8, பிக்சலுக்கு 2 பிட், மொத்தம் 16 பைட். டைலுக்குள் இருப்பது 0, 1, 2, 3 என்ற எண் மட்டும். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பது வெளியே, பின்னணியில் 16×16 பிக்சல் பரப்புக்கு ஒரு பேலட் என்ற கணக்கில். வரிசை மாறினால் வானம் கறுப்பாகவும் தண்டவாளம் வெள்ளையாகவும் வந்து நிற்கும். இப்போதே வரிசையைக் காப்பாற்றும் பழக்கம் இருந்தால் நல்லது. கிம்ப்பில் கலர்ஸ், மேப் பகுதியில் வரிசையை மாற்றி அடுக்கும் வசதி இருக்கிறது.

புளியரை ரோடு:

மூணு பேருக்கும் நன்றி. இண்டெக்ஸ்டு மோடில் திரும்ப எடுத்ததும் பொட்டும் அழுக்கும் போய்விட்டது. பொட்டு போனதிலேயே 231 என்பது 214 ஆகிவிட்டது! இன்னும் 22 குறையணும்.

பாலப் படத்தின் விவரம்: உயரம் 144. பதிமூணு வளைவு, ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு 30 பிக்சல். வளைவின் உயரம் 40. பின்னால் மலை, காடு. மலைக்கு டிதரிங் போட்டிருக்கிறேன், ஃப்ளாய்ட்-ஸ்டைன்பர்க். எல்லா வளைவும் ஒரே வளைவின் நகல்தான், அப்புறம் ஏன் இவ்வளவு டைல் என்று புரியவில்லை.

மார்த்தாண்டம் டைல்ஸ் பதில்:

அந்த 30-தான் கள்ளன். 30-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி வருகிறது. முதல் வளைவு டைல் எல்லையில் தொடங்கினால் இரண்டாவது 6 பிக்சல் தள்ளித் தொடங்கும், மூணாவது 4, நாலாவது 2. உங்க கண்ணுக்கு ஒரே வளைவு, மெஷினுக்கு நாலு வெவ்வேறு வளைவு. ஐந்தாவதில்தான், அதாவது 120 பிக்சல் தாண்டித்தான், பழைய இடத்துக்குத் திரும்பும். 120 பிக்சல் என்றால் 15 டைல் அகலம், 40 பிக்சல் உயரம் என்றால் 5 டைல். 15 × 5 = 75 டைல் பாலத்துக்கு மட்டும்.

இடைவெளியை 32 ஆக்குங்க. 4 × 5 = 20 டைல், அதையே பதிமூணு தடவை போட்டால் முடிந்தது. 55 டைல் மிச்சம். பாலம் 390 பிக்சலிலிருந்து 416 ஆக நீளும், யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை. வளைவின் அடியும் மேலும் டைல் எல்லையில் நிற்கணும். 40 உயரம் என்றாலும் 3 பிக்சல் கீழே இறங்கி நின்றால் 6 வரிசை ஆகிவிடும்.

வளைவின் இடது பாதியைக் கண்ணாடி மாதிரி திருப்பி வலது பாதியாக வைத்தாலும் டைல் மிச்சமாகாது. பழைய கேம்பாயில் பின்னணி டைலைத் திருப்ப முடியாது, ஸ்பிரைட்டை மட்டும்தான் முடியும். கலர் கேம்பாயில் பின்னணியும் திரும்பும், அங்கே இதே வளைவு 10 டைலில் முடிந்துவிடும்.

மலைக்கு வருவோம். ஃப்ளாய்ட்-ஸ்டைன்பர்க் ஒவ்வொரு பிக்சலின் பிழையையும் பக்கத்துப் பிக்சலுக்குத் தள்ளிவிடும், அதனால் ஒரு டைல் மாதிரி இன்னொரு டைல் வரவே வராது. போட்டோவுக்கு அழகு, நமக்கு விஷம். கிம்ப்பில் ‘பொசிஷன்டு’ என்று ஒன்று இருக்கு, அது ஒழுங்கான கட்ட மாதிரியில் போடும். அதைவிட நல்லது கையால் போடுவது: செஸ் பலகை மாதிரி ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சல். மலையின் உடம்பு எவ்வளவு பெரிதானாலும் அது ஒரே டைல். கரும்பச்சை வெறும் டைல் ஒன்று, பாதிப் புள்ளி டைல் ஒன்று, கால்வாசிப் புள்ளி டைல் ஒன்று. செலவெல்லாம் மலையின் விளிம்பில்தான். விளிம்பையும் ஆறேழு சரிவுத் துண்டுகளாக வரைந்து மாற்றி மாற்றி அடுக்குங்க.

160×144 திரைக்கு 20 × 18 = 360 இடம். 192 என்பது பாதிக்குக் கொஞ்சம் மேல். வானத்தில் மேகம் வரைவதை விட்டுப் பாலத்தில் செலவழியுங்க.

வாளையார் லோடு பதில்:

ரயிலை எப்படிப் போடப்போறீங்க? ஸ்பிரைட்டாகத்தானே? இப்போதே கணக்குப் பார்த்துவிடுங்க. கேம்பாயில் திரைக்கு 40 ஸ்பிரைட் துண்டு, ஆனால் ஒரு கிடைவரிக்கு 10-தான். ஒவ்வொன்றும் 8 பிக்சல் அகலம். எஞ்சின் 32, பெட்டி 48 என்றால் 4 + 6 = 10, அந்த வரி நிறைந்துவிட்டது. இரண்டாவது பெட்டியை மாட்டினால் அது வெட்டுப்பட்டுக் காணாமல் போகும். கொடி காட்டுகிற ஆளை அதே உயரத்தில் நிறுத்தினாலும் அதே கதி. எந்த மென்பொருளில் வரைந்தாலும் இது மாறாது.

எஞ்சினோடு ஒரே பெட்டியை மட்டும் ஸ்பிரைட்டாக வைத்து, அந்தப் பெட்டியை 40 பிக்சலுக்குள் அடக்குங்க. ஒரு துண்டு புகைக்கு மிஞ்சும். ஸ்டேஷனில் நிற்கிற ரயில் என்றால் முழு ரயிலையும் பின்னணியிலேயே வரைந்துவிடலாம், எத்தனை பெட்டி வேண்டுமானாலும் மாட்டலாம். பெட்டி நீளம் 8-இன் மடங்காக இருந்தால் டைலும் கூடாது.

கம்பம்மெட்டு பதில்:

எழுத்துக்கு நான் பதில் சொல்கிறேன், எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இது தீராத தலைவலி.

ஜிபி ஸ்டுடியோவின் வசனப் பெட்டி 8×8 கட்டத்துக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் ஆங்கிலத்துக்காகச் செய்தது. தமிழ் அதில் உட்காராது. ‘ப’, ‘ட’, ‘ய’ வந்துவிடும். ‘ண’வில் சுழியும் கால்களும் எல்லாம் ஒரு பிக்சல் கோடு, ஒரு பிக்சல் இடைவெளி என்று வைத்தாலே 8 தாண்டிவிடும். மேலே புள்ளிக்கு இரண்டு வரி, கீழே உகரக் கொக்கிக்கு இரண்டு மூணு வரி வேறு. ஆக உயரம் 16, அகலம் 8, ‘ண’, ‘ஞ’ மாதிரி எழுத்துக்கு 16 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

247-ஐயும் வரையத் தேவையில்லை. உயிரில் 11 (ஔ என்பது ஒ, ள), ஆய்தம் 1, மெய் 18-க்கும் அகரம், புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்று ஆறு வடிவம், அது 108. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு தனித்தனியே 4. மொத்தம் 124. எல்லாம் 8×16-ல் அடங்கினாலும் 248 டைல். கிரந்த எழுத்து இன்னும் சேரவில்லை, மலையாளம் தொடவே இல்லை, அதற்குள் 192 போய்விட்டது.

எனவே வசனத்தையும் போர்டுகளையும் முதலில் எழுதி முடியுங்கள். எந்தெந்த வடிவம் வருகிறது என்று எண்ணி அதை மட்டும் வரையுங்கள். ‘செங்கோட்டை’ போர்டுக்கு ஒற்றைக்கொம்பு, ச, ங், இரட்டைக்கொம்பு, க, துணைக்கால், ட், ஐகாரக் கொம்பு, ட. ஒன்பது துண்டு. ‘ஆரியங்காவு’க்கு ஆ, ரி, ய, ங், க, துணைக்கால், வு. இதில் ங், க, துணைக்கால் ஏற்கெனவே இருக்கின்றன.

இன்னொரு நுட்பம். 8×16 எழுத்து மேல் டைல், கீழ் டைல் என்று இரண்டாகத்தான் மெஷினுக்குப் போகும். ‘ட’வுக்கும் ‘ட்’டுக்கும் கீழ் டைல் ஒன்றே, புள்ளி மேல் டைலை மட்டும்தான் மாற்றுகிறது. ‘வ’, ‘வு’ இரண்டுக்கும் மேல் டைலை ஒன்றாகவே வைக்கலாம். ‘கு’ மாதிரி உருவமே மாறுகிற எழுத்துக்கு இது நடக்காது. உடலை எல்லா எழுத்திலும் ஒரே வரிசையில் தொடங்கி ஒரே வரிசையில் முடித்தால் இந்தப் பகிர்வு தானாகக் கிடைக்கும்.

டெக்ஸ்ட் கருவியில் ஃபான்ட்டைத் தட்டிச் சிறிதாக்கினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆன்டிஅலையாசிங்கை எடுத்தால் சுழிகள் அடைத்துக்கொள்ளும், எடுக்காவிட்டால் பொட்டு. ஃபான்ட்டை அடியில் மங்கலாக வைத்து மேலே கையால் வரைவதுதான் வழி. மலையாளத்தில் வளைவு அதிகம், ‘ആ’ ஒன்றே 16 அகலம் கேட்கும். போர்டில் மலையாளத்தைத் தனி வரியாகக் கீழே கொடுங்கள், தமிழோடு ஒரே வரியில் நெருக்கினால் இரண்டுமே படிக்க முடியாது.

வசனத்தைப் பெட்டியில் தமிழாகத் தர முடியாது, ஆகவே முக்கியமான நாலைந்து இடத்துக்கு வசனத்தையே பின்னணிப் படமாக வரைந்து தனிக் காட்சியாக்கிவிடுங்கள்.

புளியரை ரோடு:

வளைவை 32 ஆக்கி, மலையைக் கையால் செஸ் புள்ளியாக்கினேன். இப்போது 148. போர்டு சேர்த்தாலும் அடங்கும் என்று நினைக்கிறேன். ஸ்பிரைட்டுக்கு லிப்ரேஸ்ப்ரைட் போட்டாச்சு, பின்னணி கிம்ப்பிலேயே. கூட்டாளி ஒருவர் புனலூர் பக்கம் இருக்கிறார், மலையாள போர்டுகளை அவர் வரைகிறார். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய போர்டைத் திறந்தால் நாலு நிறத்துக்குப் பதில் நூற்றுக்கணக்கில் நிறம். அவர் இண்டெக்ஸ்டு மோடில்தான் வரைந்தேன் என்கிறார்.

மார்த்தாண்டம் டைல்ஸ் பதில்:

அவர் சொல்வது சரிதான். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதை ஜேபெக் ஆக்கிவிடும், எழுத்தின் ஓரமெல்லாம் கலங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்து பிஎன்ஜி கோப்பையே அனுப்பச் சொல்லுங்க. ஏற்கெனவே வந்ததைத் திருத்தி நேரத்தைக் கெடுக்காண்டாம், அவரிடமே திரும்பக் கேளுங்க.

வாளையார் லோடு பதில்:

கேட்கும்போது அவருக்கு அந்த நாலு நிறப் பேலட் கோப்பையும் அனுப்பிவிடுங்க. கண்ணால் பார்த்து அதே பச்சை மாதிரி ஒரு பச்சையை எடுத்திருப்பார்.